மாட்டு நோய்கள்: பெரியவர்களின் அறிவில் எதைக் கொள்வது, எதை விடுவது?

கேகாலை மாவட்டத்தின் இறப்பர்த் தோட்டங்களில் மழை பெய்தால் பால்வெட்டு நடக்காது. அந்த நாட்களில் லயன் குடும்பங்கள் பலவற்றுக்குக் கைகொடுப்பது தொழுவத்தில் நிற்கும் ஒரேயொரு பசுதான். போருக்குப் பின் ஒரு பசுவோடு வாழ்வை மீண்டும் தொடங்கிய வன்னிக் குடும்பங்களுக்கும் இது தெரிந்த கதை. அந்த மாடு படுத்தால் வீடே படுத்துவிடும்.

எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் காலையில் முதலில் பார்ப்பது மாட்டின் மூக்கை. ஈரமாக இருந்தால் நலம்; காய்ந்திருந்தால் காய்ச்சல். அடுத்து, அசைபோடுகிறதா என்று பார்ப்பார்கள். இந்தக் கணிப்பைக் கால்நடை வைத்தியர்களும் ஏற்கிறார்கள். நோயை அறிவதில் பெரியவர்கள் கெட்டிக்காரர்கள். குணப்படுத்துவதில்தான் பிரித்துப் பார்க்கவேண்டும்.

மடிவீக்கம்: ஈரத் தொழுவமும் கழுவாத கையும் கிருமியை மடிக்குள் சேர்க்கின்றன. மடி சூடாகி வீங்கும், பால் திரியும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது. பாலை முழுவதும் கறந்துவிட்டு, தண்ணீரில் கரைத்து, நாளுக்குப் பலமுறை ஐந்து நாட்கள் பூசவேண்டும். பாலில் இரத்தமோ சீழோ வந்தால், காய்ச்சல் கண்டால், காத்திருக்க வேண்டாம், வைத்தியரை அழையுங்கள்.

கால்வாய் நோய்: வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம், ஓயாத எச்சில், நொண்டல். வேப்பிலை, மஞ்சள் பூச்சு புண்ணை ஆற்ற உதவும், வைரசைக் கொல்லாது. தடுப்பூசியே காப்பு. நோயுற்ற மாட்டைத் தனியே கட்டுங்கள். அதைத் தொட்ட கையும் வாளியும் செருப்பும் நோயை அடுத்த தொழுவத்துக்குக் கொண்டுபோகும்.

தோல் கழலை நோய்: 2020 இல் வடக்கில் தலைகாட்டி, 2023 இல் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. உடலெங்கும் கட்டிகள் எழும். கடிக்கும் ஈயும் நுளம்பும் உண்ணியும் இதைப் பரப்புகின்றன. மாலையில் தொழுவத்தில் புகைபோடும் பழைய வழக்கம் பூச்சிகளை விலக்கும் என்பதால் நல்லதே. மனிதருக்கு இது தொற்றாது.

விடவேண்டிய வழக்கம் ஒன்று உண்டு: நோய்க்குக் குறிசுடுதல். சூடு வைரசைத் தொடாது. சுட்ட புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். ஏற்கனவே தளர்ந்த மாடு இன்னும் தளரும்.

பெரியவர்களின் கண்ணை வைத்துக்கொள்ளுங்கள். சூட்டுக்கோலைக் கீழே போடுங்கள். மூக்குக் காய்ந்த அன்றே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொன்னால், பெரும்பாலான மாடுகளைக் காப்பாற்றலாம்.