லயமும் நடைபாதையும்: நகர்ப்புற வீடின்மையின் மலையக வேர்கள்

நகர்ப்புற வீடின்மையைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நடைபாதையில் தொடங்கி நடைபாதையிலேயே முடிந்துவிடுகின்றன. குடி, சோம்பல், மனநோய் எனத் தனிமனிதக் குறைகளே காரணங்களாகக் காட்டப்படுகின்றன. இவை சிலர்க்குப் பொருந்தலாம். ஆயின், கொழும்பிலோ கண்டியிலோ கடைவாயிலில் உறங்கும் ஒருவன் அதற்கு முன்னர் எங்கு உறங்கினான் என்ற எளிய கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. எழுப்பின், விடைதேடிப் பல வேளைகளில் நாம் மலையேற வேண்டியிருக்கும்.

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் வீதியில் அமைந்த கந்தப்பளையை எடுத்துக்கொள்வோம். தேயிலை மலைகளும் மரக்கறித் தோட்டங்களும் சூழ்ந்த சிறு பட்டினம் இது. இங்குள்ள லயங்களில் வாழ்வோர்க்குத் தலைக்குமேல் கூரையுண்டு. எனவே எந்தக் கணக்கெடுப்பும் இவர்களை வீடற்றோராகக் கொள்வதில்லை. ஆனால் அக்காம்பிரா அவர்களுடையதன்று. தோட்டத்தில் பெயர் பதிந்திருக்கும்வரை இருப்பதற்கான இடம் அது. வேலை போனால் வீடும் போகும் என்ற நிலை, கூலியைக் குறைத்துக் கேட்க வேண்டிய தேவையையே தோட்ட நிர்வாகங்கட்கு இல்லாமற் செய்தது எனலாம். வீடு இங்கே தொழிலாளியைக் கட்டிவைக்கும் கயிறாக இருந்தது.

இக்கயிறு திரிக்கப்பட்ட வரலாறு நோக்குதற்குரியது. 1841ஆம் ஆண்டு கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகிவந்த காலம். அவ்வாண்டிலேயே அலைந்து திரிவோரைத் தண்டிக்கும் கட்டளைச் சட்டமும், சேவை ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்தும் கட்டளைச் சட்டமும் பிறந்தன. ஒன்று வேலைத்தலத்தை விட்டு நீங்குவோனைக் குற்றவாளியாக்கியது. மற்றையது நீங்கியபின் வீதியில் நிற்போனைக் குற்றவாளியாக்கியது. பின்னர் கங்காணிமார் கையிலிருந்த துண்டு முறை, கடன் தீராமல் தோட்டம் மாற முடியாதபடி செய்தது. துண்டு 1921இல் ஒழிந்தது. வீட்டை வேலையோடு பிணைத்த முடிச்சு மட்டும் அவிழவில்லை.

அம்முடிச்சு அறுந்தபோது நேர்ந்ததை 1970களில் நாடு கண்டது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தம் தனியார்க்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. முற்போக்கான நடவடிக்கையென நம்மிற் பலர் இதனை வரவேற்றனர். அவ்வரவேற்பில் ஒரு குருட்டுப்புள்ளி இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். நிலத்தில் நூறாண்டு உழைத்தவர்க்கு ஒரு பேர்ச் நிலமும் பங்கிடப்படவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை முன்னரே நாடற்றோராக்கியிருந்தமையால், பங்கு கேட்கும் தகுதியும் அவர்கட்கு மறுக்கப்பட்டது. கண்டி, கம்பளைப் பகுதிகளிற் கையேற்கப்பட்ட தோட்டங்கள் சிலவற்றிலிருந்து தமிழ்த் தொழிலாளர் விரட்டப்பட்டனர். இவற்றோடு 1973-74ஆம் ஆண்டுகளின் பஞ்சமும் சேர்ந்தது. பங்கீட்டு அரிசியும் கோதுமை மாவும் குறைந்தபோது, கிராமத்தவனுக்கு ஒரு மரவள்ளிப் பாத்தியேனும் இருந்தது, லயத்திலிருந்தவனுக்கு அதுவுமில்லை. 1974இல் தோட்டப்புற இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. மலையகப் பட்டினங்களின் வீதிகளில் குடும்பங் குடும்பமாகக் கையேந்தி நின்றவர்களை நகர நிர்வாகங்கள் 'பிச்சைக்காரர் பிரச்சினை' என்றே கண்டன. வேறு பலர் வவுனியா, கிளிநொச்சிக் காடுகளை நோக்கி நடந்தனர். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன், பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்.

இதே காலத்தில் நகரத்தில் நடந்ததை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், கொழும்பின் வாடகைக் குடியிருப்பாளர் பலர் தாம் வாழ்ந்த வீட்டிற்கே உரிமையாளராக வழிசெய்தது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், சேரிகளை இடித்தகற்றுவதை விடுத்து, இருந்த இடத்திலேயே உரித்தும் கடனும் வழங்கி மக்களைக் கொண்டே வீட்டைத் திருத்தச் செய்தது. நகர வறியோர்க்குப் பொருந்திய இந்நியாயம் லயத்தின் வாசலுக்கு வரவில்லை. தோட்டத்துக்குள் பிரதேச சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்த சட்ட ஏற்பாடு 2018இலேதான் திருத்தப்பட்டது.

கடல்கடந்தும் இதே கதைதான். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ் இந்தியா சென்றவர்களுக்காக நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. அங்கும் வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. ஓய்வுபெற்றோர் குடியிருப்பைக் காலிசெய்ய வேண்டிய நெருக்கடிக்கு உள்ளாயினர்.

இன்று மலையக இளைஞர் பலர் கொழும்பின் சாப்பாட்டுக் கடைகளிலும் புடைவைக் கடைகளிலும் வேலைசெய்து, இரவில் அங்கேயே படுக்கின்றனர். லயத்தின் விதி நகரத்துக்கும் பெயர்ந்துள்ளது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகள் மூடப்பட்டபோது, இவர்களுட் பலர் வேலையையும் படுக்கையையும் ஒருசேர இழந்தனர்.

ஆகவே நகரங்கள் முதலிற் செய்யவேண்டுவது, வீதியில் உறங்குவதைக் குற்றமாகக் கொள்வதைக் கைவிடுதல். அடுத்து, தொழில்தருநரைச் சாராத மலிவான தங்குமிடங்களை மாநகர சபைகளே நடத்தல் வேண்டும். அங்கு தங்குவோர்க்கு விலாசம் வழங்கப்படுதலும் இன்றியமையாதது. விலாசமின்றி அடையாள அட்டையோ வாக்கோ பெறுதல் அரிது. இவற்றாலும் ஊற்றுக்கண் அடைபடாது. 2015இன் பின்னர் பேசப்பட்ட 7 பேர்ச் காணி, உரித்துறுதியோடு, வேலையுடன் தொடர்பின்றி லயத்தவர் கைக்கு வருதலே நகரங்களின் நலனுக்கும் உரியது. மாநகர முதல்வர்கள் இதனைத் தம் கோரிக்கையாக எழுப்பியதை நான் கேட்டதில்லை.

பழைய கட்டடங்களைப் புதுக்கப் பணமில்லை என்ற மறுப்பு எழலாம். கந்தப்பளையில், கைவிடப்பட்ட ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் உல்லாச விடுதியாக மாற்றப்பட்டது. பழைய இயந்திரங்களும் அழகுற மெருகூட்டிக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.