கோபுரமில்லாத களத்தில் இறங்கும் முறை

பெரிய விமான நிலையங்களில் கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒன்று உண்டு. எந்த விமானம் முன்னே இறங்க வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று அங்கு அமர்ந்திருக்கும் அதிகாரி வானொலி மூலம் ஆணையிடுகிறார். மாணவ விமானிகள் பழகும் சிறு களங்கள் பலவற்றிலோ அத்தகைய கோபுரம் இல்லை. ஆணையிடுவார் இல்லாத இடத்தில் விமானங்கள் மோதாமல் இறங்குவது எங்ஙனம் என்று நேயர்கள் வினவலாம்.

கோயிற் பிராகாரத்தில் எத்துணைக் கூட்டம் இருப்பினும், அனைவரும் ஒரே திசையில் வலம் வருவதால் முட்டிக்கொள்வதில்லை. விமானக் களத்தின் விதியும் இத்தகையதே. ஆனால் விமானங்கள் வலம் வருவதில்லை, இடம் வருகின்றன. தலைமை விமானி இடப்பக்க இருக்கையில் அமர்வதால், இடப்புறம் திரும்பும்போது ஓடுபாதை அவர் பார்வையிலேயே இருக்கும். வேறு கட்டளை இருந்தாலன்றி இடப்புறமே திரும்ப வேண்டும் என்பது சர்வதேச விதி.

களத்தை அணுகுபவர் முதலில் கம்பத்தில் பறக்கும் துணிக்கூம்பைப் பார்த்துக் காற்றின் திசையை அறிய வேண்டும்; இறங்குவது காற்றை எதிர்த்தே ஆகும். பிறகு, பெரும்பாலும் தரையிலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில், காற்று பின்னிருந்து வீச, ஓடுபாதைக்கு இணையாகப் பறக்க வேண்டும். இதனை விமானிகள் ‘டவுன்விண்ட்’ என்பர். ஓடுபாதையின் முனையைக் கடந்தபின் இடப்புறம் திரும்பி, உயரத்தைக் குறைத்துக்கொண்டு வருவது ‘பேஸ்’. மீண்டும் இடப்புறம் திரும்பி ஓடுபாதையை நேர்நோக்கி வருவது ‘ஃபைனல்’. ஒவ்வொரு கட்டத்திலும் தம் இருப்பிடத்தை வானொலியில் அறிவிப்பது வழக்கம்.

இருவர் ஒரே வேளையில் இறங்க வந்தால், தாழப் பறப்பவருக்கே முன்னுரிமை. ஆயினும் அவ்வுரிமையைக் கொண்டு, இறங்கும் தறுவாயில் உள்ளவரின் முன்னே குறுக்கிட்டுப் புகுதல் கூடாது.

இம்முறை தவறினால் நேர்வது யாது? 2022 ஆகஸ்ட் 18 அன்று, அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த வாட்சன்வில் என்னும் கோபுரமில்லாத களத்தில், செஸ்னா 152 என்ற சிறு விமானம் முறைப்படி சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் கொண்ட செஸ்னா 340 சுற்றில் சேராமல், நெடுந்தொலைவிலிருந்து நேரே, மிகுந்த வேகத்துடன் வந்தது. அவ்வாறு நேரே வருவது அங்கே சட்டவிரோதமன்று. இரு விமானிகளும் ஒரே அலைவரிசையில் தம் இருப்பிடத்தை அறிவித்தனர். தம்மை நோக்கி மற்றது விரைந்து வருவதைக் கண்ட சிறு விமானத்தின் விமானி, இறங்காமல் மேலெழுவதாகக் கூறினார். அதற்குள் விமானங்கள் மோதின, மூவர் மாண்டனர். நேரே வந்தவர் மற்ற விமானத்தைக் கண்டு விலகத் தவறியதே காரணம் என்று அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது.

வானொலி அறிவிப்பு கண்ணுக்குத் துணையே அன்றி மாற்று ஆகாது என்பதை இது உணர்த்துகிறது. மேற்சிறகுடைய விமானத்தில் மேலுள்ளது மறையும்; கீழ்ச்சிறகுடையதில் கீழுள்ளது மறையும். ஆதலின், ஃபைனலுக்குத் திரும்புமுன் மாணவர் இடமும் வலமும், மேலும் கீழும் நோக்குதல் வேண்டும். வலப்புறம் நோக்குவது மிக முக்கியம். நேரே வருபவர் அப்பக்கத்திலிருந்தே வருவார். சிறிது ஐயம் எழுந்தாலும் இறங்காமல் மேலெழுந்து மற்றொரு முறை சுற்றி வரலாம். அதனால் செலவாவது சில நிமிடமும் சிறிது எரிபொருளுமே.