செல்போன் மேப்பில் போர் எவ்வளவு பக்கம்?

டி.வி-யில் போர்ச் செய்தி ஓடினால் போதும், "அது நம்ம ஊருக்கு எவ்ளோ தூரம்?" என்று வீட்டில் யாராவது கேட்டுவிடுவார்கள். திருத்தணியானாலும் சரி, ஆந்திர எல்லையைத் தாண்டி நகரியானாலும் சரி, உடனே கை செல்போன் மேப்புக்குத்தான் போகும். அந்த மேப்பைக் கண்ணால் மட்டும் பார்த்து அளந்தால் ஏமாந்துவிடுவோம்.

காரணம் எளிது. பூமி உருண்டை, செல்போன் திரை தட்டை. உரித்த ஆரஞ்சுத் தோலைத் தரையில் தட்டையாகப் பரப்பினால் கிழியும். கிழியாமல் பரப்ப இழுக்க வேண்டும். கப்பல்கள் திசை மாறாமல் போக உதவும்படி, 1569-ல் மெர்கேட்டர் என்பவர் அப்படி இழுத்து ஒரு மேப் வரைந்தார். பெரும்பாலான ஆன்லைன் மேப்களுக்கு இன்றும் அதுதான் அடிப்படை. அதில் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக, எல்லாமே பெரிதாகும். இந்தியா சுமார் 33 லட்சம் சதுர கி.மீ., கிரீன்லாந்து சுமார் 22 லட்சம்தான். மேப்பிலோ கிரீன்லாந்து நம்மைவிடப் பல மடங்கு பெரிது!

உக்ரைனையே எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பளவில் அது தமிழ்நாட்டைப்போல நாலரை மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். மேப்பில் பத்து மடங்காகத் தெரியும். திருத்தணிப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் காட்டும் தூரத்தில், கீவ் நகரப் பக்கம் அதே ஒரு சென்டிமீட்டர் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும். அதாவது, அங்கே குண்டு விழும் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் உள்ள இடைவெளி, நாம் நினைப்பதைவிடக் குறைவு.

விவரமானவர்களும் இதில் தடுக்கியிருக்கிறார்கள். 2003 மே மாதம், லண்டனின் 'தி எக்கனாமிஸ்ட்' இதழ் வட கொரிய ஏவுகணைகள் பாயும் தூரத்தை இந்த மேப்பில் வட்டம் போட்டுக் காட்டியது. தட்டை மேப்பில் காம்பஸால் போட்ட வட்டம், உருண்டை பூமியில் வட்டமே அல்ல. அதே மாதம் திருத்திய படம் வந்தபோது, முதல் படத்தில் தப்பித்த பல பகுதிகள் எல்லைக்குள் இருந்தன.

நம் பக்கம் இந்த இழுவை மிகக் குறைவு. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ஆனால், உலக மேப்பின் சிறிய அளவு வேறு விதமாகப் பயமுறுத்தும். 1942 மார்ச்சில் ஜப்பான் அந்தமானைப் பிடித்தது. ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. உலக மேப்பில் இவையெல்லாம் சென்னைக்கு ஒரு விரல்கடை தூரம். நிஜத்தில் விசாகப்பட்டினம் சுமார் 600 கி.மீ., அந்தமானின் போர்ட் பிளேர் 1,350 கி.மீ-க்கு மேல். அபாயம் பொய்யில்லை. ஆனால், படையெடுப்பு வரப்போகிறது என்ற பேச்சில் சென்னையே காலியானது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின; மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. படை வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது.

இன்று அந்தப் பதற்றம் ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்டாக வருகிறது. சிவப்பு வட்டம் போட்ட மேப் வந்தால், அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் செலவிடுங்கள். கூகுள் மேப்பில் உங்கள் ஊரை அழுத்திப் பிடித்தால் தூரம் அளக்கும் வசதி வரும். அது உருண்டைக் கணக்கில் அளக்கும். திருத்தணியிலிருந்து லாகூர் நேர்கோட்டில் சுமார் 2,100 கி.மீ. என்று அதில் தெரியும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு சின்ன குளோபும் ஒரு நூலும் இருந்தால், இதையே அவர்கள் கையால் அளந்து பார்ப்பார்கள்.