வீட்டு அரங்கில் ஒலி செல்லும் வழி

இக்காலத் தொலைக்காட்சிப் பெட்டிகள் படத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. பேச்சை அவ்வளவு தெளிவாகத் தருவதில்லை. பெட்டி மெலிந்துகொண்டே வந்ததால் அதனுள் இருக்கும் ஒலிபெருக்கிகளும் சிறுத்துவிட்டன. பல பெட்டிகளில் அவை கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒலிக்கின்றன. இசை பெரிதாகக் கேட்கிறது. சொற்கள் அமுங்கிப் போகின்றன. தமிழகத்துக்கு வெளியே வாழும் குடும்பங்களுக்கு இது சிறு குறையன்று. தெருவிலும் பள்ளியிலும் வேற்றுமொழி கேட்டு வளரும் குழந்தைக்கு, பெற்றோரின் பேச்சை அடுத்துத் தமிழ் காதில் விழுவது பெரும்பாலும் இப்பெட்டி வாயிலாகவே. ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் மூத்தோருக்கோ பகற்பொழுதின் துணையே இதுதான்.

இக்குறையைப் போக்கப் பலர் ‘ஹோம் தியேட்டர்’ வாங்குகின்றனர். ஆனால் அதன் தலைமைக் கருவியாகிய ரிசீவரின் பின்புறத்தைக் கண்டதும் மலைத்துவிடுகின்றனர். எத்தனை துளைகள், எத்தனை வண்ணங்கள்! உண்மையில் மலைப்புக்கு இடமில்லை. ஒலி எங்கே புறப்படுகிறது, எங்கே போய்ச் சேரவேண்டும் என்று கேட்டுக்கொண்டால் போதும். ஒவ்வொரு கம்பிக்கும் உரிய இடம் விளங்கிவிடும்.

ரிசீவரை ரயில் சந்திப்பு நிலையத்துக்கு ஒப்பிடலாம். தில்லியிலிருந்து சென்னை செல்வோர் இடார்சியையும் விஜயவாடாவையும் அறிவர். பல திசைகளிலிருந்து வண்டிகள் வருகின்றன. எதனை எந்தப் பாதையில் விடுவது என்பதை நிலையம் முடிவு செய்கிறது. அவ்வாறே ரிசீவரும், வந்து சேரும் கருவிகளுள் ஒன்றைத் தேர்கிறது; படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்புகிறது; ஒலியைப் பெருக்கி ஒலிபெருக்கிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. ‘அவுட்’ என்று எழுதிய துளை புறப்படும் இடம். ‘இன்’ என்று எழுதிய துளை சேரும் இடம். அவுட்டை இன்னோடு சேர்க்கவேண்டும். அவுட்டோடு அவுட்டைச் சேர்த்தால் ஒன்றும் கேளாது.

முதலில் படமும் ஒலியும் சேர்ந்து செல்லும் கம்பியைக் காண்போம். இதற்கு ஹெச்.டி.எம்.ஐ. என்று பெயர். 2002-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இம்முறையில், 19 ஊசிகள் கொண்ட ஒரே செருகி இரண்டையும் சுமந்து செல்கிறது. செட்டாப் பெட்டி, டிஸ்க் பிளேயர் ஆகியவற்றின் அவுட்டை ரிசீவரின் இன் துளைகளில் ஒவ்வொன்றாகச் செருகுக. பிறகு ரிசீவரின் அவுட்டிலிருந்து ஒரு கம்பியைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசெல்க.

இங்கே ஓர் ஐயம் எழும். தொலைக்காட்சிக்குள்ளேயே இணையம் வழியாகப் படம் பார்த்தால், அவ்வொலி ரிசீவருக்குத் திரும்புவது எங்ஙனம்? இதற்கென்றே 2009-இல் ஏ.ஆர்.சி. என்னும் வசதி சேர்க்கப்பட்டது. அதே கம்பியில் ஒலி எதிர்த்திசையில் திரும்பி வரும். 2017-இல் வெளியான விதிகளில் இன்னும் விரிவான இ-ஏ.ஆர்.சி. இடம்பெற்றது. இவ்வசதியைப் பெற, கம்பியின் இரு முனைகளும் ஏ.ஆர்.சி. எனக் குறித்த துளைகளில் இருத்தல் வேண்டும். இரு கருவிகளின் அமைப்புப் பட்டியலிலும் அதனை இயக்கிவிடவும் வேண்டும். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் படம் தெரியும், ஒலி வாராது. கருவி பழுதென்று கடைக்குத் தூக்கிச் செல்லுமுன் இதனைச் சரிபார்த்தல் நன்று.

ஏ.ஆர்.சி. இல்லாத தொலைக்காட்சியாயின், ஆப்டிகல் என்னும் ஒளிக்கம்பி உதவும். இதன் வழியே ஒலி மட்டுமே செல்லும். இதனைக் கூர்மையாக மடிக்கலாகாது. முனையிலுள்ள சிறு மூடியைக் கழற்றாமல் செருகவும் ஆகாது. பழைய செட்டாப் பெட்டிகளில் மூன்று வண்ணத் துளைகள் உண்டு. மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்புற ஒலிக்கு, சிவப்பு வலப்புற ஒலிக்கு.

அடுத்தது ஒலிபெருக்கிகள். இவ்வேலையைத் தொடங்குமுன் ரிசீவரின் மின்செருகியைச் சுவரிலிருந்து எடுத்துவிடவேண்டும். செம்புக் கம்பியின் இழைகளை நன்றாக முறுக்கிச் செருகுக. ஓர் இழை தவறி அடுத்த முனையைத் தொட்டாலும் ரிசீவர் கெட்டுப்போகக்கூடும். ஒலிபெருக்கியின் மேல் எழுதியிருக்கும் ஓம் அளவு, ரிசீவர் ஏற்கும் அளவுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் இணைக்கவேண்டும். ஒன்றில் மட்டும் இது மாறிவிட்டால், ஒரு பெட்டி காற்றை முன்தள்ளும்போது மற்றது பின்னிழுக்கும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; குரல் மெலிந்து, நடுவில் நிலைகொள்ளாமல் சிதறும்.

ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு சப்வூஃபரும் கொண்ட தொகுதியில் மிக முக்கியமானது, நடுவில் வைக்கும் ‘சென்டர்’ ஆகும். திரைப்படத்தின் பேச்சில் பெரும்பகுதி அதன் வழியே வருகிறது. அதனை அலமாரிக்குள் தள்ளிவைக்காமல், திரையின் கீழே, கேட்போர் முகத்தை நோக்கி வைக்கவேண்டும். முன்புற இரண்டும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையிலும், பின்னணிக்குரிய இரண்டும் 110 பாகை அளவிலும் அமைதல் முறை. பேச்சு இன்னும் குறைவாகக் கேட்டால் மொத்த ஒலியைக் கூட்டவேண்டா. சென்டரின் அளவை மட்டும் ரிசீவரின் அமைப்பில் சற்றே உயர்த்தினால் போதும். முதியவருக்கும் சொல் விளங்கும். சுவருக்கு அப்பாலுள்ள அண்டை வீட்டாரின் உறக்கமும் கெடாது. ஒலி உதட்டசைவுக்கு முந்திக் கேட்டால், அதே அமைப்பிலுள்ள ‘டிலே’யைக் கொண்டு அதனைத் தாமதப்படுத்தலாம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் பரணில் போட்டிருப்போர் பலர். அவற்றுக்கும் இங்கே இடமுண்டு. நாடாக் கருவியைச் சிவப்பு, வெள்ளைத் துளைகளில் இணைத்தால் போதும். இசைத்தட்டுக் கருவி தனி வகை. அதன் முள் தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் அளவே. அதனால் ‘போனோ’ எனக் குறித்த துளையிலேயே அதனை இணைக்கவேண்டும். அத்துளை இல்லையெனில் இடையில் ஒரு ‘பிரீ-ஆம்ப்’ தேவை. உடன்வரும் தனிக் கம்பியை ‘கிரவுண்ட்’ முனையில் முடுக்காவிட்டால் இரைச்சல் எழக்கூடும். பிற கருவிகளைப் போனோவில் செருகலாகாது. ஒலி மிகுந்து சிதைந்துவிடும்.

கைப்பேசியும் இன்று ஓர் ஒலிக்கருவியே. புளூடூத் உள்ள ரிசீவராயின் கம்பியே வேண்டா. ஆகாசவாணியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் தமிழ் நிலையங்களைத் தேர்ந்து, அவ்வொலியை ரிசீவருக்கு அனுப்பலாம். பொதிகை என வழங்கி, 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் எனப் பெயர் மாறிய அலைவரிசையைச் செட்டாப் பெட்டி வழியே காணலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்டி முடிக்க முயலவேண்டா. ஒரு கருவியை இணைத்து, இயக்கிக் கேட்டு, சரியென்று கண்டபின் அடுத்ததற்குச் செல்க. ஒவ்வொரு கம்பியின் முனையிலும் அதன் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டிவைக்க. வீடு மாற்றலாகிச் செல்லும் நாளில், பிறர் துணையின்றி வீட்டிலுள்ள எவரும் அதனை மீண்டும் பூட்டிவிடலாம்.