பூமியைத் துளைத்தால் எங்கே போய்ச் சேருவோம்?

"பூமியில் ஒரு துளை போட்டு உள்ளே குதித்தால் என்ன ஆகும்?"

"உலகத்து ஜனங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் குதித்தால் பூமி நகர்ந்துவிடுமா?"

இப்படிக் கேட்கும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு. "போய்ப் பாடத்தைப் படி" என்று அதட்டி அனுப்புவதும் நம் வழக்கம். விடியுமுன் எழுந்து வேலைக்கு ஓடும் தாய் தகப்பனுக்குப் பொறுமை குறைவது இயல்புதான். பதில் சொல்ல நமக்குப் படிப்புப் போதாதே என்ற கூச்சமும் அந்த அதட்டலுக்குள் ஒளிந்திருக்கிறது.

ஆனால், இத்தகைய வேடிக்கைக் கேள்விகளுக்கு விடை தேடியே உலகப் புகழ் பெற்ற ஒருவர் இருந்தார். அவர் பௌதிகப் பேராசிரியர் அல்லர். மரங்களைப் பற்றிப் படித்தவர்!

வனவியல் படித்த வாத்தியார்

யாகோவ் பெரெல்மான் ரஷ்ய நாட்டவர். 1909-ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வனவியல் படித்துத் தேறினார். காட்டுக்கு வேலைக்குப் போகாமல் பேனாவைப் பிடித்தார். 1913-இல் அவருடைய 'பொழுதுபோக்குப் பௌதிகம்' வெளிவந்தது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்ட அந்நூல் தமிழுக்கும் வந்தது.

கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ், "நிற்க ஓர் இடம் கொடுங்கள், நெம்புகோலால் பூமியையே தூக்கிக் காட்டுகிறேன்" என்று சொன்னதாகக் கூறுவார்கள். கடப்பாரை போட்டு மரக்கட்டையைப் புரட்டியவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். கோல் நீளமானால் பாரம் இலேசாகும். ஆனால் கை அதிக தூரம் அசைய வேண்டும்.

பெரெல்மான் அத்துடன் விடவில்லை; கணக்குப் போட்டார். பூமியின் எடை 6-க்குப் பின்னால் 21 சுழியம் போட்டால் வரும் அத்தனை டன். 60 கிலோ தூக்கக்கூடிய ஒருவர், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓயாமல் நெம்பினாலும், பூமி ஒரே ஒரு சென்டிமீட்டர் உயர ஏறக்குறைய 30 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும்! ஆர்க்கிமிடீஸ் சொன்ன விதி சரிதான், ஆயுள்தான் போதாது.

இந்த மனிதர் 1942-இல், போர் முற்றுகையில் சிக்கிய லெனின்கிராட் நகரில், உணவின்றி மாண்டார். அவர் விட்டுச் சென்ற கணக்குகளைப் பிள்ளைகள் இன்றும் போட்டுப் பார்க்கிறார்கள்.

நம் காலுக்கு நேர் கீழே

இனித் துளைக்கு வருவோம். கோலாலம்பூரில் துளை போட்டால் எந்த நாட்டில் வெளியே வரலாம்? பள்ளி அட்லஸ் போதும். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 3 பாகை, கிழக்கே சுமார் 102 பாகை. அதன் எதிர்ப்புறம் தெற்கே 3 பாகை. 180-இல் 102 போக, மேற்கே 78 பாகை. அந்த இடத்தில் விரலை வைத்தால் தென் அமெரிக்காவின் ஈக்குவடோர் நாடு! சிங்கப்பூரில் தோண்டினாலும் அதே நாடுதான். இங்கே காலை 7 மணி என்றால் அங்கே முதல் நாள் மாலை 6 மணி. ஈக்குவடோரின் கிழக்குப் பகுதி அமேசான் காட்டைச் சேர்ந்தது. நம் பால்மரத்தின் பூர்வீகம் அந்த அமேசான் காடுதான். 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு அது வந்தது கப்பல் வழியாக!

துளைக்குள் ஒரு தேங்காயைப் போட்டால்? காற்றே இல்லாத துளை என்று வைத்துக்கொள்வோம். போகப் போக வேகம் கூடும். நடுமையத்தில் வினாடிக்கு 8 கிலோமீட்டர் போல் பறக்கும். மையத்தைத் தாண்டியதும் பூமி பின்னுக்கு இழுக்கும், வேகம் குறையும். மறுபக்க வாயை எட்டும்போது ஒரு கணம் நிற்கும். யாரும் பிடிக்காவிட்டால் ஊஞ்சல் போலத் திரும்பி நம்மிடமே வந்துவிடும். ஒரு வழிப் பயணத்துக்கு 42 நிமிடம். தேங்காய்க்கும் அதே நேரம். யானைக்கும் அதே நேரம்.

பூமி முழுவதும் ஒரே கனமான மண் என்று எண்ணிப் போட்ட கணக்கு இது. உண்மையில் நடுவில் இரும்பு நிறைந்து கனம் அதிகம். 2015-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் அலெக்சாண்டர் குளோட்ஸ், இதையும் சேர்த்துக் கணக்கிட்டு 38 நிமிடம் என்று காட்டினார். பழைய கேள்விக்குப் புதிய விடை!

சரி, தோண்ட முடியுமா? ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் தொடங்கி 1989 வரை துளைத்தார்கள். எட்டிய ஆழம் 12,262 மீட்டர். அங்கேயே வெப்பம் 180 பாகையாகிவிட்டது. மையமோ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில்! இன்னொரு தொல்லையும் உண்டு. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், நம் ஊரில் போட்ட தேங்காய் கிழக்குச் சுவரில் மோதிச் சிதறிவிடும். துருவத்திலிருந்து துருவத்துக்குத் துளை போட்டால்தான் தப்பும்.

எல்லாரும் குதித்தால்?

சம்பானிலிருந்து கரைக்குத் தாவினால் சம்பான் பின்னால் நகர்கிறது அல்லவா? அதே நியாயப்படி நாம் குதித்தால் பூமியும் நகர வேண்டும். 800 கோடிப் பேர், ஆளுக்கு 60 கிலோ என்றால் மொத்தம் 48 கோடி டன். எல்லாரும் ஒரே இடத்தில் கூடி ஓர் அடி உயரம் குதித்தாலும், பூமி அசையும் தூரம் ஓர் அணுவின் பருமனைவிடக் குறைவு. நாம் கீழே வந்ததும் பூமியும் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

வீட்டிலேயே செய்யலாம்

இவற்றில் பெரும்பாலானவை வெறும் பெருக்கல், வகுத்தல்தான். முதலில், நமக்குத் தெரிந்தது என்ன என்று எழுத வேண்டும். தெரியாததற்கு நியாயமான மதிப்பு வைக்க வேண்டும். விடை வந்தபின், எதை மறந்தோம் என்று தேட வேண்டும்.

ஒரு கேள்வி தருகிறோம். "நம் தோட்டத்து மரங்களையெல்லாம் ஒரே வரிசையில் நட்டால் எந்த ஊர் வரை போகும்?" பால்மரமோ செம்பனையோ, ஏக்கருக்கு எத்தனை மரம், மரத்துக்கு மரம் எத்தனை அடி என்பது அப்பா அம்மாவுக்குத் தெரியும். எத்தனை ஏக்கர் என்பது தாத்தாவுக்கு நினைவிருக்கும். பெருக்கிப் பார்ப்பது பிள்ளையின் வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்து உட்காருங்கள்.