எண்ணெய் ஊறிய மண்ணைப் பற்றீரியா திருத்துமா?

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோர் நீரிறைக்கும் இயந்திரத்தையும் உழவு இயந்திரத்தையும் பெரிதும் நம்பியுள்ளனர். அவற்றிலிருந்து ஒழுகும் எண்ணெய் வரம்போரத்தில் ஊறுகின்றது. மாரியில் வாய்க்கால் வழியே வாவியை அடைகின்றது. எண்ணெய் ஊறிய மண்ணில் நீர் எளிதிற் சுவறாது, வேருக்குக் காற்றுக் கிட்டாது, பயிர் மஞ்சளிக்கும்.

இத்தீங்கு சிறிதன்று. சுன்னாகத்தில் அனல்மின் நிலையச் சூழலிற் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்து கிணறுகள் பழுதாயின. அவ்வழக்கில் 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது.

எண்ணெயை உணவாகக் கொள்ளும் பற்றீரியா மண்ணில் இயற்கையாகவே உண்டு. இதனை மாணவர் ஆய்வுகூடத்திலேயே சோதித்தறியலாம். மூன்று குடுவைகளில் நைதரசனும் பொசுபரசும் கொண்ட உப்புக் கரைசலையும், டைக்குளோரோபீனோல் இண்டோபீனோல் என்னும் நீலச் சாயத்தையும் இடுக. முதலாவதில் எண்ணெய் சிந்திய இடத்து மண்ணும் சில துளி டீசலும் சேர்க்க. இரண்டாவதிலும் அவ்வாறே செய்க. ஆனால் அதன் மண் நீராவியமுக்கத்தில் கிருமி நீக்கப்பட்டதாயிருத்தல் வேண்டும். மூன்றாவதில் உயிருள்ள மண்ணை இட்டு, டீசலை விடுக.

பற்றீரியா எண்ணெயை ஒட்சியேற்றும்போது நீலநிறம் மறையும். மூன்றாவது குடுவையைப் பலர் விட்டுவிடுவர், அது தவறு. மண்ணிலுள்ள மக்கலை உண்ணும் பற்றீரியாவும் சாயத்தை வெளுக்கச் செய்யும். ஆதலால் முதலாவது ஏனைய இரண்டிலும் விரைந்து வெளுத்தாற்றான் எண்ணெய் சிதைவுற்றதெனக் கொள்ளலாம்.

எண்ணெயிற் காபன் மிகுதி. நைதரசனும் பொசுபரசும் மிகக் குறைவு. எனவே பற்றீரியாவுக்குப் பசளை தேவை. 1989ஆம் ஆண்டு அலாஸ்காவில் 'எக்சன் வால்டெஸ்' கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது, கரைகளிற் பசளையிட்டே இப்பணியை விரைவுபடுத்தினர்.

கமக்காரர் செய்யத்தக்கவை:

1. முதலில் ஒழுக்கை நிறுத்துக. டீசல் ஊறிய மண்ணை வெட்டியெடுத்து, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவான மேட்டில் மெல்லிதாகப் பரப்புக.

2. மக்கிய சாணமும் சிறிது யூறியாவும் கலந்து, ஈரம் காத்து, வாரந்தோறும் கிளறுக. நீர் கட்டலாகாது, ஒட்சிசன் இன்றேல் சிதைவு மிகவும் தாமதிக்கும். மழையில் மூடிவைக்க.

3. சில மாதங்களின் பின் அம்மண்ணிலும் நல்ல மண்ணிலும் பயறு விதைத்து ஒப்பிடுக. முளையும் வேரும் ஒத்திருப்பின் மண் தேறிவருகின்றது எனலாம்.

ஒன்றை மறத்தலாகாது. பழைய எஞ்சின் எண்ணெயில் ஈயம், நாகம் முதலிய உலோகங்கள் கலந்திருக்கக்கூடும். அவற்றைப் பற்றீரியா அழிக்கமாட்டாது. அவ்வெண்ணெய் ஊறிய மண்ணிற் கீரையோ மரக்கறியோ பயிரிடற்க. பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாது கலனிற் சேர்த்துவைத்து, அதனைச் சேகரிப்போரிடம் கொடுத்தலே நன்று. இயந்திரத்தின் கீழ் வைக்கும் ஒரு பழைய தகரத் தட்டு, பல மாத உழைப்பைத் தவிர்க்கும்.