மகனுக்கு விளையாட்டுக் கணினி வாங்கப் போகிறீர்களா?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்து வீடுகளிலும் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் ஒரே பேச்சுதான். "அப்பா, கேம் விளையாடக் கணினி வேணும்" என்று பிள்ளைகள் தொடங்கிவிடுவார்கள். விளையாட்டு நல்லதா கெட்டதா என்ற வழக்கை இன்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வாங்குவது என்று முடிவாகிவிட்டால், வியர்வை சிந்திச் சேர்த்த பணம் வீணாகக் கூடாது அல்லவா? அதற்காகவே இதை எழுதுகிறேன். இதில் எனக்குள்ள தகுதி ஒன்றுதான். தவறான யோசனை சொல்லி ஒரு குடும்பத்தின் பணத்தை வீணாக்கியவன் நான்.

2015-ஆம் ஆண்டின் கடைசியில், எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் கடைக்காரர் எழுதிக் கொடுத்த விலைச் சீட்டோடு என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மூத்த மகன் என் பழைய மாணவன். சீட்டில் இரண்டு கணினிகள் இருந்தன. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. ஒன்றில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தது. வன்தட்டின் வேகம் 5400. மற்றதில் தனிக் கார்டு இல்லை. ஆனால் வன்தட்டு பெரியது, வேகம் 7200.

"எதை எடுக்கலாம் சார்? நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றார்.

உண்மையில் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாத்தியார் கௌரவம் விடவில்லை. பெரிய எண்ணைப் பார்த்து, "7200-ஐ எடுங்க, வேகமா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

கணினி வந்தது. பையன் ஆசையோடு விளையாட்டை ஏற்றினான். படம் தத்தித் தத்தி நகர்ந்தது. சில நாள் கழித்து அவரைச் சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். "பரவால்ல சார், பள்ளிக்கூட வேலைக்காவது ஆகும்" என்றார். அவர் என்னை ஏசியிருந்தால்கூட அன்றிரவு தூங்கியிருப்பேன். அதன் பிறகுதான் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அந்த எண் எதைச் சொல்கிறது?

வன்தட்டுக்குள் பளபளப்பான வட்டத் தகடுகள் இருக்கின்றன. பழைய கிராமபோன் இசைத்தட்டைப் போல அவை சுழல, மேலே ஒரு கை அசைந்து தகவலைப் படிக்கிறது. 5400, 7200 என்பவை அந்தத் தகடு நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு.

தேவையான தகவல் கைக்கு நேரே வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். 5400 தட்டில் அது வினாடியின் ஆயிரத்தில் 5.6 பங்கு, 7200 தட்டில் 4.2 பங்கு. ஒரு தடவைக்கு மிச்சம் மிகச் சிறியது. ஆயிரக்கணக்கான தடவை படிக்கும்போது அது சேர்ந்து, கணினி எழும்புவதும் விளையாட்டு திறப்பதும் சற்று விரைவாகும். மறுக்கவில்லை.

ஆனால் திரையில் படம் ஓடும் வேகம் வேறு. அது கிராபிக்ஸ் கார்டும் புராசசரும் செய்யும் வேலை. நம் வீட்டு அடுப்படியை நினைத்துப் பாருங்கள். சாமான் அறையிலிருந்து அரிசியும் பருப்பும் சீக்கிரம் வந்தால் சமையல் சீக்கிரம் தொடங்கும். அதனால் சமைப்பவரின் கை வேகம் கூடிவிடுமா? வன்தட்டு சாமான் அறை. கிராபிக்ஸ் கார்டு சமைப்பவர். நான் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய சாமான் அறையை வாங்கிக் கொடுத்துவிட்டு, சமைப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

சுழற்சியும் அதற்குப் பின்னும்

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல அகலத்தில் 50 தகடுகள் இருந்தன. நிமிடத்துக்கு 1200 சுற்று. அவ்வளவு பெரிய இயந்திரம் கொண்டது சுமார் 50 லட்சம் எழுத்துகள்தான். 1992-இல் சீகேட் நிறுவனம் 7200 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது. 2003-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'ராப்டர்' 10,000 சுற்றுடன் வந்து விளையாட்டுப் பிரியர்களைக் கவர்ந்தது.

இந்தக் கதையில் நம் பக்கத்து உழைப்பும் உண்டு. சீகேட் 1982-இல் சிங்கப்பூரில் தொழிற்சாலை தொடங்கியது. பின்னர் பல ஆண்டுகள் வன்தட்டு உற்பத்தியில் சிங்கப்பூர் உலகின் முன்னணியில் நின்றது. பெட்டாலிங் ஜெயாவிலும் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலை இருந்தது. 2019 முடிவதற்குள் அதை மூடப்போவதாக அந்த நிறுவனம் 2018-இல் அறிவித்தது. சாதாரணக் கணினிகளுக்கான வன்தட்டின் தேவை குறைந்து வந்ததே காரணம். சுழலாத ஒன்று அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதுதான் எஸ்.எஸ்.டி. அதில் தகடும் இல்லை, கையும் இல்லை; வெறும் நினைவுச் சில்லுகள். அரைச் சுற்றுக் காத்திருப்பே கிடையாது. நல்ல 7200 தட்டு வினாடிக்கு 150 முதல் 200 மெகாபைட் வரை படிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. சுமார் 550 மெகாபைட், என்.வி.எம்.இ. வகையில் 3,500-க்கு மேலும் உண்டு. 2023-இல் வெளிவந்த 'ஸ்டார்ஃபீல்ட்' விளையாட்டுக்கு எஸ்.எஸ்.டி. இருந்தே ஆக வேண்டும் என்று குறைந்தபட்சத் தேவையிலேயே எழுதியிருந்தார்கள். இப்படிப்பட்ட விளையாட்டுகளைச் சுழலும் தட்டில் வைத்தால், தகவல் வந்து சேரும்வரை படம் நின்று நின்று போகும்.

கடைக்குப் போகுமுன்

முதலாவது, பிள்ளை எந்த விளையாட்டை விளையாடப் போகிறான் என்று கேளுங்கள். அதற்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்டுக்கும் புராசசருக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள்.

இரண்டாவது, விண்டோஸும் விளையாட்டும் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும். 'ஸ்டார்ஃபீல்ட்' ஒன்றே 125 கிகாபைட் இடம் கேட்டது. ஆகவே 500 கிகாபைட்டுக்குக் குறையாமல் பாருங்கள். முடிந்தால் 1 டெராபைட். சாட்டாவா, என்.வி.எம்.இ.யா என்று அதிகம் குழம்ப வேண்டாம். எண்ணில் பெரிய வித்தியாசம் தெரிந்தாலும், பெரும்பாலான விளையாட்டுகளில் மிச்சமாவது சில வினாடிகள்தான். விலை நெருங்கியிருந்தால் என்.வி.எம்.இ. எடுங்கள், மதர்போர்டில் அதற்கு இடம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, திருமணப் படங்கள், ஒளிப்படங்கள், பள்ளிக் கோப்புகள் வைக்கச் சுழலும் தட்டு இன்றும் மலிவானது. அதற்கு 5400 போதும். சூடும் சத்தமும் பொதுவாகக் குறைவு. அதிலிருந்தே பழைய விளையாட்டுகளை ஓட்டுவதானால் மட்டும் 7200-க்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். எதுவானாலும் ஒருநாள் பழுதாகும். முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்.

நான்காவது, பழைய கணினியைத் தூக்கி எறியாதீர்கள். வன்தட்டை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டால் பள்ளி வேலைக்கு நன்றாக உழைக்கும்.

சென்ற ஆண்டு அதே தகப்பனார் இளைய மகனுக்காக மீண்டும் ஒரு விலைச் சீட்டோடு வந்தார். எனக்கு வியப்பாகவும் வெட்கமாகவும் இருந்தது. இந்த முறை பையனையும் உட்கார வைத்து, அவன் விளையாட்டின் பெயரைக் கேட்டு, சீட்டை வரி வரியாகப் பார்த்தேன். ஓர் இடத்தில், "இது எனக்குத் தெரியல. நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். "சரிங்க சார், அவசரமில்ல" என்றார். மறுநாள் கேட்டுச் சொன்னேன். பழைய கணினிக்கும் ஓர் எஸ்.எஸ்.டி. போட்டாயிற்று, அதில் இப்போது அவர் மகள் பாடம் செய்கிறாள்.

ஆகவே பெற்றோர்களே, கடையில் எண்ணைக் காட்டினால் அது பெரிதா என்று மட்டும் பார்க்காதீர்கள். எதைக் குறிக்கும் எண் என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனாலும் நல்லதுதான்.